தோட்டத்துத் தொட்டியில் தங்கமீன்கள் செத்து மிதப்பது ஏன்? முதலில் பார்க்க வேண்டியது நேரத்தை!

சனிக்கிழமை காலை ஆறரை மணி. காபி டம்ளரோடு தோட்டத்துப் பக்கம் வருகிறார் வீட்டுக்காரர். போன மாதம்தான் ஆசை ஆசையாகக் கட்டிய சிமெண்ட் தொட்டி. ஓரத்தில் கூழாங்கல், நடுவில் ஓர் அல்லி, உள்ளே பத்து தங்கமீன்கள். அதில் மூன்று இப்போது வயிறு தெரிய மிதக்கின்றன. மற்றவை நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. "நேத்து ராத்திரி தீனி போடும்போதுகூட நல்லாத்தானே இருந்துச்சு?"

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஐந்து நிமிடத்தில் ஆறு வைத்தியம் வந்துவிடும். "கல்லுப்பு போடு", "நீல மருந்து நாலு சொட்டு விடு", "தண்ணிய மொத்தமா மாத்திடு", "கடைக்காரன் சீக்கு மீனைத் தள்ளிட்டான் மச்சி". ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பியாகிவிடும். கொளத்தூர் போய் இன்னும் ஆறு மீன் வாங்கி வந்தாயிற்று. பத்தாம் நாள் காலை, அதே காட்சி. இந்த முறை குழந்தை பெயர் வைத்த மீனும் போய்விட்டது.

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊரிலும் நடக்கிற கதை இது. பழி பெரும்பாலும் கடைக்காரர் மீது விழும். இல்லையென்றால் 'ஏதோ நோய்' மீது. ஆனால் வீட்டுத் தொட்டியில் மீன்கள் கூட்டமாகச் சாகும்போது, காரணம் பெரும்பாலும் மீனுக்குள் இல்லை, தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் என்ன கோளாறு என்பதை, எந்த டெஸ்ட் கிட்டும் இல்லாமலேயே பாதி கண்டுபிடித்துவிடலாம். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். எந்த நேரத்தில் செத்தது? எல்லாம் ஒன்றாகச் செத்தனவா, ஒவ்வொன்றாகவா? அதற்கு முந்தைய இரண்டு நாளில் தொட்டிக்கு என்ன நடந்தது?

விடியற்காலையில் செத்தால்

ராத்திரி நன்றாக இருந்து, காலையில் மிதந்தால், முதல் சந்தேகம் ஆக்சிஜன் மீதுதான் விழ வேண்டும்.

தொட்டித் தண்ணீர் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பச்சை, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பாசி. பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு அது ஆக்சிஜனை வெளியிடும். அதனால் மாலையில் பார்த்தால் மீன்கள் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகு பாசியும் மீனைப் போலவே ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும். அடியில் மக்கிக்கொண்டிருக்கும் மா இலை, வேப்பிலை, மிச்சத் தீனி எல்லாவற்றையும் தின்னும் பாக்டீரியாவும் தன் பங்கைக் கேட்கும். ராத்திரி முழுக்கச் செலவு மட்டும்தான், வரவு இல்லை. கணக்கு அதலபாதாளத்துக்குப் போகும் நேரம், விடிவதற்குச் சற்று முன்னால். நான்கிலிருந்து ஆறு மணிக்குள் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தால், அது பசி அல்ல, மூச்சுத்திணறல்.

இங்கே இன்னொரு அடையாளமும் உண்டு. ஆக்சிஜன் பற்றாக்குறையில் பெரும்பாலும் பெரிய மீன்கள்தான் முதலில் போகும். உடம்பு பெரிது, தேவையும் பெரிது. குட்டிகள் தப்பித்துக் கிடக்கும். முந்தைய நாள் வானம் மூடிக் கிடந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். வெயிலே இல்லாத நாளில் பாசி சேமித்து வைத்த ஆக்சிஜனும் குறைவாகவே இருக்கும். இரண்டு நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு மீன் சாவது தற்செயல் இல்லை.

நம்மூர் வெயில் இதைப் பல மடங்கு ஆக்குகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சமாகச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகச் சுருங்கிவிடும். அதே நேரம், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சம்பளம் குறைகிற மாதத்தில்தான் செலவு ஏறும் என்பது போல. ஒன்றரை அடி ஆழத்தில், மேலே நிழலே இல்லாமல் கட்டிய மொட்டைமாடித் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

இத்தனைக்கும் தங்கமீன் லேசுப்பட்ட உயிரினம் இல்லை. சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கத் தொடங்கப்பட்ட கெண்டை இனம் அது. மேலே பனி உறைந்துபோன குளிர்நாட்டுக் குளங்களின் அடியில், ஆக்சிஜனே இல்லாமல் நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றி, செவுள் வழியே வெளியே தள்ளிவிடும். அந்த வித்தையின் மூலக்கூறு ரகசியத்தை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் விளக்கினார்கள். ஆனால் அது உறைபனிக்கு அருகிலான குளிரில், உடம்பு மிக மெதுவாக ஓடும்போது எடுபடுகிற வித்தை. மே மாதத்துச் சென்னையில் அது கைகொடுக்காது.

புதுத் தொட்டியின் முதல் மாதம்

தொட்டி கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனாலும் சாகின்றன. இதுதான் பலரைக் குழப்பும் கேஸ். "தண்ணி இவ்வளவு கிளியரா இருக்கே!" என்பார்கள். தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் நல்லதாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே கொல்வது நிறமில்லாத ஒன்று: அம்மோனியா.

மீன் தன் உடம்புக் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. பழகிய குளத்தில் ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை, அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். அல்லியும் ஆகாயத்தாமரையும் அந்த நைட்ரேட்டை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியாக்கள் கல், மணல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஆகியவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வளர்பவை. புதுத் தொட்டியில் இவை இருக்காது. ஒரு குடும்பம் போலத் தொட்டியில் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நாமோ தொட்டி நிரம்பிய அன்றே பத்து மீனை விட்டுவிடுகிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்றால் ஏறத்தாழ 1,000 லிட்டர். ஒரு கிலோ மீன்தீனியிலிருந்து தோராயமாக 30 கிராம் அம்மோனியா தண்ணீருக்கு வந்து சேர்கிறது. தினமும் 10 கிராம் தீனி போட்டால், லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வீதம் அம்மோனியா ஏறும். அதைத் தின்ன பாக்டீரியா இல்லையென்றால் ஒரு வாரத்தில் 2 மில்லிகிராமைத் தொட்டுவிடும்.

அந்த 2 மில்லிகிராம் ஆபத்தா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.ஹெச். அம்மோனியாவுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று மீனை அதிகம் தொந்தரவு செய்யாது. மற்றொன்று செவுளைப் பொசுக்கிவிடும். 30 டிகிரி வெப்பத்தில், பி.ஹெச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. பி.ஹெச். 8 என்றால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். 9 என்றால் கிட்டத்தட்ட 45 சதவீதம். அதாவது அதே தொட்டி, அதே அம்மோனியா, ஆனால் விஷம் மட்டும் ஐம்பது மடங்குக்கு மேல். விஷ வடிவம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினாலே செவுள்கள் பாதிக்கத் தொடங்கும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

பி.ஹெச். 9 என்பது ஏதோ ஆய்வகத்து எண் இல்லை. புது சிமெண்ட் தொட்டியில் அது சர்வசாதாரணம். சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். சரியாகப் பதப்படுத்தாத தொட்டியில் 10-ஐத் தாண்டிக்கூடப் போகும். அனுபவமுள்ள மீன் வளர்ப்போர் புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, தண்ணீர் நிரப்பி, பல நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். இதைச் சில முறை செய்த பிறகுதான் மீனை விடுவார்கள். "இதெல்லாம் பழைய காலத்து வேலை" என்று கான்ட்ராக்டர் சொன்னால் நம்பாதீர்கள். சுண்ணாம்பைத் தடுக்கும் பூச்சு அடித்திருந்தால் வேறு விஷயம்.

பச்சைத் தொட்டிக்கும் இதே வலி உண்டு. பாசி பகலில் தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால், மதியம் மூன்று மணி வாக்கில் பி.ஹெச். 9-ஐத் தொடும். ஆக, பாசி மண்டிய தொட்டியில் மீனுக்கு இரண்டு ஷிஃப்ட்டில் அடி விழுகிறது. மதியம் அம்மோனியா, விடியற்காலை ஆக்சிஜன் பஞ்சம்.

அம்மோனியாவைத் தாண்டிவிட்டால் அடுத்து நைட்ரைட். இது ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். செத்த மீனின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய செவுள், சாக்லேட் பழுப்பில் இருக்கும். கல்லுப்புக்கு உண்மையிலேயே வேலை இருப்பது இந்தக் கட்டத்தில்தான். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம், அதாவது 1,000 லிட்டருக்கு ஒரு கிலோ. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. ஆனால் எல்லாச் சாவுக்கும் உப்பைக் கொட்டினால் அல்லிதான் வாடும். தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. ஏற்கெனவே உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் என்றால் இன்னும் சிக்கல்.

எத்தனை பேர் தீனி போடுகிறார்கள் என்பதையும் வீட்டில் விசாரிக்க வேண்டும். காலையில் பாட்டி, ஸ்கூல் விட்டு வந்ததும் குழந்தை, ராத்திரி ஆபீஸ் முடிந்து வந்து அப்பா. மூவரும் 'கொஞ்சம்தான்' போட்டிருப்பார்கள். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது. எப்போதும் மேய்ந்துகொண்டே இருப்பது அதன் இயல்பு. ஆளைக் கண்டதும் ஓடி வந்து வாயைத் திறக்கும். அதைப் பார்த்து "பாவம், பசிக்குது" என்று போடுகிற ஒவ்வொரு சிட்டிகையும் அம்மோனியா கணக்கில் ஏறுகிறது.

சுத்தம் செய்த மறுநாள்

மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை சுத்தத்துக்கு வருவோம். அதில் மூன்று தப்பு நடந்திருக்கிறது.

முதலாவது, பிளீச்சிங் பவுடர். நல்ல தரமான பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். கழுவியும் மூலைமுடுக்கில் ஒரே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட, 1,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் குளோரின் கலந்துவிடும். குடிநீரில் கிருமி வளராமல் இருக்க, குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தர விதி. நமக்குப் பாதுகாப்பான அந்த அளவே மீனின் செவுளுக்கு ஆபத்து. லாரித் தண்ணீர், மெட்ரோ வாட்டர் இரண்டுமே குளோரின் கலந்தவைதான்.

குளோரினால் சாகும் மீன் சில மணி நேரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் மாற்றியதும் தாறுமாறாக ஓடும், துள்ளும், செவுள் வெளிறும், பிறகு ஒரு மூலையில் ஒதுங்கும். வழி சுலபமானது. மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட்டைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்தால் உடனே முறிந்துவிடும். அல்லது தண்ணீரைத் திறந்த டிரம்மில், வெயிலில் ஒரு நாள் வைக்கலாம்.

"எங்க வீட்ல போர் தண்ணிதான், குளோரின் பிரச்சினையே இல்ல" என்பவர்களும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆழத்திலிருந்து அப்போதுதான் ஏறிவந்த தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு, கார்பன் டை ஆக்சைடு அதிகம். சில ஊர்களில் இரும்புச்சத்தும் சேர்ந்து வரும். காற்றுப் பட்டதும் அது துருப்பிடித்த பழுப்பாகிச் செவுளில் படியும். ஹோஸை நேரே தொட்டிக்குள் விடாமல், டிரம்மில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்துப் பயன்படுத்துவதுதான் சரி.

இரண்டாவது தப்பு, தண்ணீரை மொத்தமாக மாற்றியது. பல மாதம் ஓடிய பழைய தொட்டியில் பி.ஹெச். மெல்ல மெல்ல இறங்கி 6.5-க்குக்கூட வந்திருக்கும். அம்மோனியா சேர்ந்திருந்தாலும் தீங்கில்லாத முகத்தோடு கிடக்கும். மீன்களும் பழகிப்போயிருக்கும். அதில் பி.ஹெச். 8-க்கு மேலுள்ள போர் தண்ணீரைத் திடீரென்று முக்கால் தொட்டிக்கு ஊற்றினால், மிச்சமிருக்கும் அம்மோனியா ஒரே மணி நேரத்தில் முகத்தை மாற்றிக்கொள்ளும். நல்லது செய்யப்போய் கொல்வது என்பது இதுதான். கால்வாசி மாற்றினால் போதும், இரண்டு நாள் விட்டு இன்னொரு கால்வாசி.

மூன்றாவது, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, வெள்ளை வெளேரென்று வரும்வரை கசக்கியது. நான்கு வாரம் உட்கார்ந்து வளர்ந்த பாக்டீரியா குடும்பம் அப்படியே சாக்கடைக்குப் போயிற்று. தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பிவிட்டது. பத்தாம் நாள் புது மீன்கள் செத்ததற்குக் காரணம் கொளத்தூர் கடை இல்லை, இதுதான். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் லேசாக அலசினால் போதும்.

கரண்ட் கட்டும் இதே வேலையைச் செய்யும். மூடிய ஃபில்டருக்குள் தண்ணீர் ஓட்டம் பல மணி நேரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்துவிடும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் பாயும். நீண்ட மின்தடைக்குப் பிறகு ஃபில்டரைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஆன் செய்வது நல்லது.

மழை, புகை, புண்ணாக்கு

சின்ன மீன், பெரிய மீன், நத்தை, கொசுப்புழு என்று எல்லாமே ஒரே நாளில் செத்துக் கிடந்தால், வெளியிலிருந்து ஏதோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் விசாரிக்க வேண்டியது, தெருவில் கொசுப் புகை அடித்தார்களா என்று. கொசு ஒழிப்பில் பரவலாகப் பயன்படும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு கொடியவை. லிட்டருக்கு ஒரு சில மைக்ரோகிராம் போதும். புகையின் நுண்துளிகள் நீரின் மேல் படிந்தாலே ஆபத்து. புகை வண்டிச் சத்தம் கேட்டால் தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிட்டு, ஏர் பம்ப்பையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் பம்ப்பே புகையை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிவிடும். புகை கலைந்ததும் மறக்காமல் மறுபடி போட வேண்டும். கரப்பான் ஸ்பிரே, செடிகளுக்கு அடிக்கும் பூச்சிமருந்து எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

அடுத்தது மாடித்தோட்டம். பஞ்சகவ்யம், கடலைப்புண்ணாக்குக் கரைசல், மண்புழு உரத் தண்ணீர் எல்லாம் செடிக்கு அமிர்தம். தொட்டி வழிந்து கீழே இருக்கும் மீன் தொட்டிக்குள் சொட்டினால், அது அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டு அம்மோனியாவை விட்டுச் செல்லும். இலுப்பைப் புண்ணாக்கு விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். புல்தரையில் மண்புழு வராமல் இருக்கச் சிலர் தூவுவார்கள். மீன் பண்ணைகளில், குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள வேண்டாத மீன்களைக் கொல்லப் பயன்படுத்துவதே இந்தப் புண்ணாக்கைத்தான். அதிலுள்ள சபோனின் மீனுக்கு நேரடி விஷம்.

மழையும் பார்க்கிற அளவுக்குச் சாது இல்லை. முதல் மழை, மொட்டைமாடித் தூசியையும் புறா எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். வெயிலுக்குச் சுண்ணாம்பு அடித்த மாடி என்றால் அதையும் சேர்த்து. மாடித் தண்ணீர் நேரே தொட்டியில் விழும்படி குழாய் வைத்திருந்தால், அதைத் திருப்பிவிடுவதுதான் முதல் வேலை.

செத்த மீனே இல்லை, ஆனால் எண்ணிக்கை மட்டும் குறைகிறது என்றால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டாம். மீன்கொத்தியோ குளக்கொக்கோ பக்கத்து வீட்டுப் பூனையோ காலை டிபனை முடித்திருக்கும். மேலே ஒரு வலை கட்டினால் போதும்.

ஒவ்வொன்றாகச் செத்தால்

இன்று ஒன்று, நான்கு நாள் கழித்து ஒன்று, அடுத்த வாரம் ஒன்று. ஒவ்வொன்றும் சாவதற்கு முன் சில நாள் சோர்ந்து, தீனி எடுக்காமல் ஒதுங்கியிருந்தது. இப்போதுதான் நோயை யோசிக்க வேண்டும்.

உடம்பில் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் இருந்தால் அது வெண்புள்ளி நோய். கல்லிலும் சுவரிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் செவுளிலோ தோலிலோ ஒட்டுண்ணி. நூல் மாதிரி ஏதோ தொங்கினால் நங்கூரப் புழு. பயறு அளவில் தட்டையாக ஊர்ந்தால் மீன் பேன். வயிறு உப்பி, செதில்கள் அன்னாசிப்பழத் தோல் போலச் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்பு பாதித்துவிட்டது. அந்த நிலையில் பிழைப்பது அரிது. தங்கமீன்களையே குறிவைத்துத் தாக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரஸும் உண்டு. ஜப்பானில் 1990-களில் முதலில் கண்டறியப்பட்ட அது, இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

நோய் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடைசியாக வாங்கி வந்த மீனோடு. புது மீனை இரண்டு மூன்று வாரம் தனி டப்பில் வைத்துக் கவனித்துவிட்டுத் தொட்டியில் விட்டால் பாதித் தொல்லை குறையும். வாங்கி வந்த பையின் தண்ணீரைத் தொட்டியில் கொட்டவும் கூடாது. பையைப் பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். ஓராண்டா, ப்ளாக் மூர் மாதிரி குண்டு உடம்பு, பிதுங்கிய கண் கொண்ட ரகங்கள் பார்க்க அழகு. ஆனால் அவை திறந்தவெளித் தொட்டியின் வெயிலுக்கும் கொக்குக்கும் ஈடுகொடுக்க முடியாதவை. தோட்டத்துக்கு ஒற்றை வாலுள்ள சாதாரண ரகமே உறுதியானது. அதுவும் கடையில் இரண்டு விரல் அளவில் இருப்பது, இடமும் தீனியும் கிடைத்தால் ஒரு சாணுக்கு மேல் வளரும் என்பதை எண்ணிக்கை போடும்போதே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியது

மீன்கள் மேலே வந்து தவிக்கின்றன என்றால், காரணம் எதுவாக இருந்தாலும் முதலுதவி ஒன்றுதான்: காற்று. ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, இரண்டடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். கை வலிக்கும், ஆனால் வேலை செய்யும். செத்தவற்றை உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். தீனியை இரண்டு மூன்று நாள் அறவே நிறுத்துங்கள். தங்கமீன் ஒரு வாரம்கூடப் பட்டினி தாங்கும். பிறகு குளோரின் நீக்கிய தண்ணீரால் கால்வாசி மட்டும் மாற்றுங்கள். வெளியிலிருந்து விஷம் விழுந்தது உறுதி என்றால் மட்டும், மீன்களைத் தயாராக வைத்த வேறு தண்ணீருக்கு மாற்றுவது நல்லது. காரணம் தெரியும்வரை எந்த மருந்தும் வேண்டாம்.

அதன் பிறகு, அம்மோனியா, நைட்ரைட், பி.ஹெச். மூன்றையும் பார்க்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பி.ஹெச்-ஐ விடிகாலையில் ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பாசி அதிகம் என்று பொருள். தொட்டியின் பாதியையாவது நிழல் வலையாலோ அல்லி இலையாலோ மறைக்க வேண்டும்.

நோய் என்றே சந்தேகம் வந்தால் நிபுணரிடம் போகலாம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. போவதற்கு முன் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். எடுத்துப் போக வேண்டியது செத்து நாறிய மீனை அல்ல. நம்மூர் வெப்பத்தில் மீன் சில மணி நேரத்திலேயே அழுகிவிடும், அதிலிருந்து எதுவும் தெரியாது. நோய் அறிகுறியோடு உயிருடன் இருக்கும் ஒரு மீனையும், தனி பாட்டிலில் தொட்டித் தண்ணீரையும் கொண்டுபோக வேண்டும். இப்போதுதான் செத்தது என்றால் ஐஸில் வைத்து எடுத்துப் போகலாம்.

மறுபடி ஆரம்பிக்கிறவர்களுக்கு, 1,000 லிட்டர் தொட்டியில் முதலில் இரண்டே மீன், ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி, அதுவும் ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. போடுகிற ஆள் வீட்டில் ஒருவர் மட்டும். அந்தப் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுத்து, காலண்டரில் டிக் அடிக்கச் சொல்லலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்ஜியம் காட்டிய பிறகு மூன்றாவது மீன். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் பக்கம் வண்டியைத் திருப்பாமல் இருந்தால் சரி.